தோளில் மிச்சமிருந்த விரல்கள்

அத்தியாயம் பதினேழு

அன்று மதியம் ஈப்போ கார்டன் வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவுதான்: கணவன் இறந்து ஒரு மாதம் நிறையாத அம்பிகை, கிள்ளானிலிருந்து வந்து தங்கியிருக்கும் மூத்த மகள் தர்மினி, ஒரே மகன் சுபேசன், அவன் மனைவி பிரமிளா, பிறகு, பெட்டியிலிருந்து அரைகுறையாக வெளியே இழுக்கப்பட்ட ஒரு பிரிண்டர்.

அவன் மனைவி என்பதைத் தேசியப் பதிவிலாகாவில் கேட்டால் சொல்வார்கள். இந்த வீட்டில் கேட்டால் வேறு பதில் வரும்.

அந்தப் பதில் சாவு வீட்டில் பிறந்தது. முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கும் பிரமிளா, செய்தி கேட்டு இளநீலச் சீருடையோடு ஓடி வந்து, மாமனார் சிவானந்தனின் தலைமாட்டில் நின்றாள். சிரம்பான் சொந்தக்காரி ஒருத்தி, "இது ஆர்?" என்று கேட்டாள். தர்மினி யோசிக்கக்கூட இல்லை. "அப்பாவப் பாத்துக்கிட்ட நர்ஸ்" என்றாள். அம்பிகை மறுக்கவில்லை. சுபேசன் அப்போது ஐயரை அழைத்துவரப் போயிருந்தானாம். வந்த பிறகும் அவன் திருத்தவில்லை.

பொய்க்கு யாரும் டிக்கெட் வாங்கித் தர வேண்டியதில்லை. மறுநாளே அது கடல் தாண்டி பெர்த்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே மகள் வீட்டில் இருந்தவர் கார்த்திகேசு, சிவானந்தனின் அண்ணன். தம்பி சாவுக்கு வர முடியாதவர், நாளை நடக்கும் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு இன்று மாலையே வருகிறார். படையலை மருமகள் கையால் எடுத்து வைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். "எங்கட வீட்டில மருமகள் இல்லையே, ஆர் வைக்கிறது?" என்று போனில் கேட்டாராம். "தர்மினி வைப்பா" என்றாளாம் அம்பிகை.

பிரமிளா இதைக் கணவனிடம் நேற்றுக் கேட்டாள். கத்தவில்லை. கேட்டாள்.

"பெரியப்பா வந்ததும் நானே சொல்றேன்லா. உன்ன முன்னாடி நிறுத்திச் சொல்றேன். சத்தியமா." சுபேசன் அவள் தலையில் கை வைத்தான்.

அவள் நம்பினாள். இரண்டு வருடம் குடித்தனம் நடத்தியும் நம்பினாள்.

*

சடங்கு முடிந்து சாப்பிட்டு எழும் ஒவ்வொருவர் கையிலும் இறந்தவரின் படம் ஒன்றைக் கொடுத்தனுப்ப வேண்டும். சீனப் பெருநாள் வாரம். ஈப்போவில் அச்சடிக்கும் கடை ஒன்றும் திறந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டில் சிங்க நடனத்துக்கு மேளம் அடிக்கிறார்கள். கடைக்காரன் மட்டும் உட்கார்ந்து அச்சடிப்பானா? தர்மினிதான் பேரங்காடிக்குப் போய்ப் பிரிண்டரை வாங்கி வந்தாள். வயர் வேண்டாம், போனிலிருந்தே அடிக்கலாம் என்று விற்றவன் சொன்னானாம்.

அதை வைக்க வேறு இடமே கிடைக்காததுபோல், சிவானந்தன் படுத்திருந்த அறையில், அவருக்குக் கஞ்சி ஊட்டிய சக்கர மேசைமேல் வைத்திருந்தார்கள். கட்டிலுக்கு அடியில் பெரியவர்களுக்கான டயாப்பர் பெட்டி இன்னும் கிடந்தது. மூலையில் கக்கூஸ் நாற்காலி. அதன்மேல் ஒரு பூப்போட்ட துண்டை விரித்து, தர்மினி தன் கைப்பையை வைத்திருந்தாள். அந்த நாற்காலியை ஒரு தடவைகூடக் கழுவாதவளால்தான் அதில் கைப்பையை வைக்க முடியும்.

"நீ பாரு பிரமிளா. உனக்குத்தான் இந்த மெஷின்லாம் பழக்கம்" என்றாள் தர்மினி. "நேத்து சுபேசன் தட்டிப் பாத்தான். செவப்பு லைட் எரியுதுன்னு தூங்கப் போயிட்டான்."

பழக்கம்தான். சளி உறிஞ்சும் மெஷின், பிரஷர் மெஷின், காற்று மெத்தையின் மெஷின். இந்த அறையில் ஒரு வருடம் அவள் கையில்தான் எல்லா மெஷினும் ஓடின. சிவானந்தனுக்குப் பக்கவாதம் வந்தபோதுதான் இந்த வீட்டுக் கதவு அவளுக்குத் திறந்தது. அதுவரை சுபேசனும் அவளும் மெங்லெம்புவில் வாடகை வீட்டில் இருந்தார்கள். செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவள் என்பதால் அம்பிகை அவள் முகத்தைப் பார்த்ததில்லை. அந்தத் தோட்டத்தை விற்று வீடுகள் கட்டி, அங்கே இன்று ஒரு ரப்பர் மரம்கூட இல்லை. அம்பிகையின் வாயில் மட்டும் அது இன்னும் இருந்தது. மலம் அள்ள ஆள் தேவைப்பட்டதும், "வந்து இருக்கட்டும்" என்றாள். "ஆன்ட்டி எண்டு கூப்பிடு" என்றாள். மாமி என்று கூப்பிடச் சொல்லவில்லை.

சிவானந்தன் மட்டும், கோணிப்போன வாயால், மூன்று நாள் முயன்று சொன்னார்: "மா... மா. மாமா சொல்லு."

பிரமிளா பிரிண்டரின் மூடியைத் தூக்கினாள். உள்ளே ஆரஞ்சு நிற டேப் அப்படியே ஒட்டியிருந்தது. பெட்டிக்குள் ஆடாமல் இருக்க ஒட்டி அனுப்பும் டேப். சுபேசன் அதை எடுக்கவே இல்லை. வாயைக் கட்டிவிட்டு நாயைக் குரைக்கச் சொல்லியிருக்கிறான். டேப்பை உரித்தாள். மைக் குப்பிகளைத் திறந்து ஒவ்வொன்றாக ஊற்றினாள். சிவப்பு மை விரலெல்லாம் வழிந்தது. துடைத்தும் போகவில்லை.

"என் போன்ல இந்தப் பிரிண்டரையே காட்ட மாட்டேங்குதுலா" என்று தர்மினி தன் கைப்பேசியை அவள் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"நீங்க டேட்டால இருக்கீங்க அக்கா. வீட்டு வைஃபைல ஏறினாத்தான் காட்டும்."

"பாஸ்வர்ட் என்ன?"

"இத முடிச்சிட்டுப் போட்டுத் தாரேன்."

"அம்மாவுக்குத் தெரியாதா?"

"ஆன்ட்டிக்குப் பட்டன் போன்தானே. எனக்கும் சுபேஸுக்கும்தான் தெரியும். மாமா வச்சது."

'மாமா' என்ற சொல் கேட்டதும் தர்மினியின் உதடு சுழிந்தது. கல்லை மென்றவள்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிரமிளா தன் கைப்பேசியைப் பிரிண்டரோடு சேர்த்தாள். ஊதா விளக்கு மினுக்கியது, நின்றது, நிலையாக எரிந்தது. தர்மினி வாங்கியிருந்த போட்டோ தாளில் கொஞ்சம் எடுத்துத் தட்டில் வைத்தாள். பிறகு தன் கைப்பேசியில் அந்தப் படத்தைத் திறந்தாள்.

வாதம் அடித்துப்போன அந்த முகத்தில் சிரிப்பு இருந்த ஒரே படம் அது. போர்டிக்கோவில் சக்கர நாற்காலி. சர்க்கரை ஆகாது என்று டாக்டர் தடுத்த மனுஷனுக்குப் பிரமிளா திருட்டுத்தனமாகத் தௌ ஃபூ ஃபா என்ற சோயா இனிப்பை ஊட்டிக்கொண்டிருந்தாள். மோட்டார் சைக்கிளில் விற்க வரும் சீனனிடம் வாங்கியது. இஞ்சிப் பாகு தாடையில் வழிகிறது. "மாமா, மாட்டினா ரெண்டு பேருக்கும் அடிதான்" என்று அவள் காதில் சொல்ல, கிழவர் வாய் கோண, கண் மறையச் சிரிக்கிறார். அவள் முகம் அவர் முகத்தோடு ஒட்டி இருக்கிறது. அவள் வலது கை அவர் தோளில்.

படத்தை எடுத்தவன் சுபேசன். அந்தப் படமேதான் நாளைக்கு, முழுசாக, எல்லார் கைக்கும் போகும் என்று நேற்றுச் சொன்னவனும் அவன்தான். "அம்மாகிட்டப் பேசிட்டேன். தாக் ஆப்பா, பரவால்ல, ஒத்துக்கிட்டாங்க."

அவள் இன்னும் எதையும் அழுத்தவில்லை. பிரிண்டர் தானாக முனகியது. ஒரு தாளை இழுத்தது.

"பாத்தியா, நீ தொட்டதும் ஓடுது" என்றாள் தர்மினி.

தாள் மெல்ல வெளியே வந்தது. சிவானந்தன் சிரித்தார். தாடையில் பாகு இல்லை, துடைத்திருந்தார்கள். பக்கத்தில் முகம் இல்லை. முகம் இருந்த இடத்தில் போர்டிக்கோவின் சுவர், கொஞ்சம் நீர்க்காவியோடு. தோளில் மட்டும் ஏதோ இரண்டு, கறுப்பாக, சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தன.

தோட்டத்தில் வளர்ந்தவள். முதலில் அட்டைப்பூச்சி என்றுதான் நினைத்தாள்.

குனிந்து பார்த்தாள். அட்டை இல்லை. இரண்டு விரல் நுனிகள். அவள் விரல்கள். ஆளை அழித்தவர் கையையும் அழித்திருக்கிறார், முழுசாக அழிக்கப் பொறுமை இல்லாமல் விட்டிருக்கிறார்.

அடுத்த தாள் வந்தது. அதிலும் அதே. அதற்கடுத்ததும்.

ஒரு வருடம் இந்த அறையில் எத்தனையோ வாடை பார்த்தவள். ஒருநாளும் குமட்டியதில்லை. இன்று குமட்டியது.

அம்பிகை வாசலில் வந்து நின்றாள். ஒரு தாளை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். "நல்லா வந்திருக்கு. அவர் சிரிச்சது இந்த ஒரு படத்திலதான்." பிறகு நகத்தால் சுரண்டினாள். "இதென்ன தோள்ல? மை சிந்திட்டுதோ?"

"என் வெரல் ஆன்ட்டி."

அம்பிகை சுரண்டுவதை நிறுத்தினாள். தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "சின்னனாத்தானே தெரியுது" என்றாள் கடைசியில். "ஆர் உத்துப் பாக்கப் போறாங்க."

பிரமிளா தர்மினி பக்கம் திரும்பினாள்.

"இப்படிச் செய்யறதுக்கு உங்களுக்கு மலு, வெக்கம் இல்லையா அக்கா?"

"நானா? என்ன ஏன் கேக்கற?"

"நர்ஸுன்னு சொன்னதும் நீங்கதான். இதுவும் நீங்கதான். வேற யாருக்கு இவ்வளவு நாத்தப் புத்தி வரும்?"

"வாய அளந்து பேசு." தர்மினி பள்ளிக்கூட வாத்தியாரம்மா குரலில் அதட்டினாள். "நான் எங்க அனுப்பினேன்? என் போன்ல இந்த மெஷினே தெரியல. வைஃபைலகூட இன்னும் ஏறல. நீதானே பாஸ்வர்ட்டப் போட்டுத் தாரேன், தாரேன்னு..."

பாதியில் நின்றாள். அவளுக்கும் விளங்கிவிட்டது.

வீட்டில் மூன்று கைப்பேசிகள் வேலைக்கு உதவும். ஒன்று தர்மினியுடையது, அது வைஃபைக்கு வெளியே நிற்கிறது. ஒன்று பிரமிளாவின் கையில், அழுத்தப்படாமல் இருக்கிறது. நேற்று அனுப்பியது டேப் ஒட்டியிருந்ததால் அச்சாகாமல் வரிசையில் காத்திருந்திருக்கிறது. அனுப்பியவன் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான். இன்று டேப்பை உரித்து, மை ஊற்றி, தாள் வைத்து, அவளே அதற்கு வழி விட்டிருக்கிறாள்.

தர்மினியின் முகத்தில் இரக்கம் மாதிரி ஏதோ வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது. சிரித்தாள்.

"போய் உன் புருஷன்கிட்டக் கேளு."

இந்த வீட்டில் அந்தச் சொல்லை ஒருவர் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை.

*

சுபேசன் போர்டிக்கோவில் கூடாரம் கட்டுகிறவர்களுக்குக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தான். பெரியப்பாவை வரவேற்க வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். பிரமிளா கூப்பிட்டதும் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தான். பிரிண்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தட்டில் விழுந்து கிடந்த தாள்களைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை.

"ஓ. வேலை செய்யுது" என்றான்.

"யார் எடுத்த படம் இது?"

"நாந்தான்."

"மாமா எதுக்குச் சிரிச்சாரு?"

"பிரமி, இப்ப வேணாம்..."

"எதுக்குச் சிரிச்சாருன்னு கேட்டேன்."

"நீ என்னமோ சொன்ன."

"அந்த 'நீ' எங்க இதுல?"

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். அப்பா செத்த கட்டில். "பெரியப்பா பழைய ஆளு. அவரு வீட்டுல யாரும் எஸ்டேட்டு ஆளுங்ககிட்ட சம்பந்தம் வச்சதில்ல. அப்பா பேருக்கு நாளைக்கு ஒரு நாள் நல்லபடியா நடக்கட்டும். அப்புறம் மெதுவாச் சொல்லிக்கலாம்லா. ஒரு நாள்தான்."

"உங்க அப்பாவுக்குக் கழுவி விட்டது எஸ்டேட்டுக் கைதான். அப்ப யாரும் சம்பந்தம் பாக்கல."

"கத்தாத. வெளிய ஆளுங்க இருக்காங்க."

"நான் கத்தல. ஒண்ணே ஒண்ணு சொல்லு, போறேன். இத எப்ப அழிச்ச?"

"நேத்து."

"நேத்துன்னா? என் தலையில கை வச்சதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

சுபேசன் சட்டைக் காலரை இழுத்துவிட்டான். மூக்கைத் துடைத்துக்கொண்டான். சட்டைப் பையில் அவன் கைப்பேசி 'டிங்' என்றது. பிரிண்டர் நின்றுவிட்டது. தாள் தீர்ந்துபோனதை அது அனுப்பியவனுக்குச் சொல்லிவிட்டது. இந்த வீட்டில் மறைக்கத் தெரியாதது அந்த மெஷின் ஒன்றுதான்.

பிரமிளா அவன் தோளை உலுக்கக் கையை நீட்டினாள். அவன் பின்னால் நகர்ந்தான்.

"கை... மை இருக்கு பிரமி. வெள்ளச் சட்ட."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். கோபம் அப்படியே வடிந்துபோயிற்று. கோபப்படுவதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும். கட்டில் விளிம்பில் இருந்தது சட்டையை அழுக்காகாமல் காக்கும் ஏதோ ஒன்று. இதோடுதான் இரண்டு வருடம் ஒரே தலையணையில் படுத்திருக்கிறாள். கழுவிவிட முடிந்தால் உடம்பையே கழட்டிக் கழுவலாம் போலிருந்தது.

தன்மேலும் அருவருப்பு வந்தது. ஆன்ட்டி, ஆன்ட்டி என்று அவள் கூப்பிட்டுக்கொண்டுதானே இருந்தாள்? சாவு வீட்டில் நர்ஸ் என்றபோது வாயை மூடிக்கொண்டுதானே நின்றாள்?

அம்பிகை தொண்டையைச் செருமினாள். இவ்வளவு நேரமும் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தவள். "இது காணாது. பேப்பர் முடிஞ்சிட்டுது பிள்ளை. போடு. கார்த்திகேசு அத்தான் வாறதுக்குள்ள அடிச்சு முடிச்சிடுவம்."

தன்னை அழித்த படத்துக்குத் தன் கையாலேயே தாள் வைக்கச் சொல்கிறாள். அதில் அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை. பேப்பர் முடிந்தால் போட வேண்டியது பிரமிளாதான். டயாப்பர் முடிந்தால் போட்டவளும் பிரமிளாதான்.

பிரமிளா பிரிண்டரிடம் போனாள். நிறுத்தும் பொத்தானை விரல் வெளுக்கும்வரை அழுத்திப் பிடித்தாள். சுபேசனின் மிச்சம் வரிசையிலிருந்து அழிந்தது. பிறகு தன் கைப்பேசியை எடுத்தாள். அந்தப் படத்தில், பாகு வழியும் தாடையும் இரண்டு முகமும் ஒரு முழுக் கையும் இருந்தன. எத்தனை என்று கேட்ட இடத்தில், பிரிக்காத பொட்டலத்தில் எத்தனை தாளோ அத்தனையும் போட்டாள். அழுத்தினாள்.

பிரிண்டர் ஒரு தடவை முனகியது. தாள் இல்லை. ஆரஞ்சு விளக்கு மினுக்கிக்கொண்டு காத்திருந்தது.

மூன்று பேரில் ஒருவருக்கும் அது புரியவில்லை. மெஷின் அவள் வேலை என்று விட்டுத்தான் அவர்களுக்குப் பழக்கம்.

"புதுப் பொட்டலம் அலமாரி மேல இருக்கு" என்றாள் பிரமிளா. "பிரிச்சு இந்தத் தட்டுல வச்சாப் போதும். மிச்சம் தானா வரும், மாமி."

அம்பிகை நிமிர்ந்து பார்த்தாள். கன்னத்தில் யாரோ தட்டியதுபோல் இருந்தது அவள் முகம்.

வெளியே கார் ஹாரன் அடித்தது. கூடாரக்காரன் ஒருவன், "பாஸ், ஆள் வந்தாச்சு!" என்று குரல் கொடுத்தான்.

சுபேசன் துள்ளி எழுந்தான். "அக்கா, நீ முன்னால போ. பெரியப்பாவ ஹால்லயே உக்கார வை." பிரமிளாவின் கைப்பையை ஆணியிலிருந்து பிடுங்கினான். "பிரமி, நீ செமோர் போயிடு. உன் அம்மா அப்பாவப் பாத்து நாளாச்சுல்ல? நாளைக்கு சாயந்தரம் நானே வந்து கூட்டிக்கறேன்."

"நான் யாருன்னு அவரு கேட்டா நர்ஸுன்னு சொல்ல மாட்டேன்."

"தெரியும். அதான் போகச் சொல்றேன்."

"இந்த ஒரு விஷயத்துலதான் நீ உண்மை பேசற சுபேஸ்."

அவன் காதில் அது விழவில்லை. மையில்லாத இடமாகப் பார்த்து, அவள் முழங்கைக்கு மேலே பிடித்து, சமையலறை வழியாக நடத்தினான். நாளைப் படையலுக்காக ஊறிய உளுந்து ஒரு பாத்திரத்தில் நுரைத்துக் கிடந்தது. தரை ஈரம். பின்கதவுக்கு வெளியே சந்து. சந்தில் குப்பைத் தொட்டிகளும் அவள் மோட்டார் சைக்கிளும். அவள் திமிறியிருக்கலாம். முன்வாசலுக்கு ஓடிப்போய், பெர்த்திலிருந்து வந்த கிழவர் முன்னால் நின்று கத்தியிருக்கலாம். அவளுக்கு அந்த வீட்டின் தரையை இன்னும் ஒரு அடி மிதிக்கப் பிடிக்கவில்லை.

ஹாலில் தர்மினியின் குரல் தேனாக ஒழுகியது. "வாங்கோ பெரியப்பா, வாங்கோ! பயணமெல்லாம் எப்படி?"

"தம்பியின்ர படத்தை முதல்ல காட்டு பிள்ளை" என்றது ஒரு முரட்டுக் குரல்.

"இப்பதான் அடிக்கிறம் பெரியப்பா. சூடாவே எடுத்துத் தாரேன்."

பிரமிளா படியில் இறங்கிச் செருப்பை மாட்டினாள். சுபேசன் கைப்பையை அவளிடம் நீட்டிவிட்டு, உடனே சட்டைத் தோளைத் திருப்பிக் கறை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். இல்லை. நிம்மதியாக மூச்சு விட்டான்.

"போய்ச் சேந்ததும் மெசேஜ் போடு" என்றான்.

அவனுக்குப் பின்னால், சிவானந்தனின் அறையில், அம்பிகை புதுப் பொட்டலத்தைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.

சுபேசன் கதவைச் சாத்தினான். உள்ளே சாவி ஒரு முறை திரும்பியது. போதவில்லை போலும், இன்னொரு முறையும் திரும்பியது.